தெற்கே ஒரு வடமேரு

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நடத்துநர் படியில் நின்றுகொண்டு "உத்ரமேர், உத்ரமேர்" என்று கூவுவார். வண்டியின் நெற்றிப் பலகையில் "உத்திரமேரூர்" என்று எழுதியிருக்கும். ஊரில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, அங்குள்ளவர்கள் கல்வெட்டுக் கோயில் என்று சொல்லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தால் "உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்" என்று இருக்கும். ஒரே ஊர்தான். சுவருக்கும் வாய்க்கும் நடுவே ஆயிரத்து நூறு ஆண்டுகளில் பெயர் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. தேய்ந்தது எது, தேயாமல் நின்றது எது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு முரண். உத்தரம் என்றால் வடக்கு. மேரு என்றால் மலை. அதிலும் மலைகளுக்கெல்லாம் அரசன். ஆக, வடமேரு. ஆனால் ஊர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது. காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவர் காலத்தில் பிறந்த ஊர் இது. தலைநகருக்குத் தெற்கே இருக்கும் ஊருக்கு வடக்கு என்று எவராவது பெயர் வைப்பார்களா? சரி, மலையாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் பக்கத்து நிலம். கண் போகிற தூரம் வரை வயல், ஏரிக்கரை, பனை. உயரமாக ஏதாவது வேண்டும் என்றால் கோபுரத்தையும் விமானத்தையும்தான் காட்ட வேண்டும். பெயரில் உள்ள இரண்டு சொற்களுமே நிலத்தோடு ஒட்டவில்லை.

இப்படிப்பட்ட பெயர்களைப் பார்த்தால் "ஏதோ புராணப் பெயர்" என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் "உத்தரம்" என்ற சொல்லைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நம் வீட்டுக்குள்ளேயே அதன் பிள்ளைகள் அரை டஜன் பேர் இருப்பது தெரிந்தது.

வடமொழியில் "உத்" என்றால் மேலே. "தர" என்பது ஒன்றைவிட ஒன்று கூடுதல் என்று காட்டும் விகுதி. உத்தர என்றால் "இன்னும் மேலே". அது எப்படி வடக்கு ஆயிற்று? கங்கைச் சமவெளியில் நின்றுகொண்டு நிலம் எந்தப் பக்கம் உயர்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். இமயம் இருக்கும் பக்கம் மேல் பக்கம். ஆகவே வடக்கு உத்தரம். நாமும் இதையேதான் செய்திருக்கிறோம், வேறொரு மலையை வைத்து. நமக்கு நிலம் உயர்வது குடகுமலைப் பக்கம். ஆகவே மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. அவர்களுக்கு மேல் பக்கம் வடக்கு, நமக்கு மேல் பக்கம் மேற்கு. இரண்டு மொழிகளும் திசைக்குப் பெயர் வைக்கும்போது வானத்தைப் பார்க்காமல் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்திருக்கின்றன.

"மேலே" என்ற இந்த அடிப்பொருள்தான் தமிழுக்கு வந்த எல்லா உத்தரங்களிலும் ஒளிந்திருக்கிறது. தோளின் மேல் போடும் துணி உத்தரீயம். கேட்டதற்கு மேல் சொல்வது உத்தரம், அதாவது பதில். அதிலிருந்து வந்தது நாம் இன்று ஆணை என்ற பொருளில் வழங்கும் உத்தரவு. "உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்" என்று பெரியவர்கள் விடைபெறும்போது, அந்த உத்தரவில் இன்னும் பழைய பதிலின் வாடை இருக்கிறது. முன்னதற்கு மேல் வருவது, அதாவது பின்னால் வருவது, உத்தரகாண்டம். நட்சத்திரங்களில் இது இன்னும் அழகாக நிற்கிறது. பூரம், உத்திரம், பூராடம், உத்திராடம், பூரட்டாதி, உத்திரட்டாதி. மூன்று இணைகளிலும் முதலில் வருவது பூர்வம், அடுத்து வருவது உத்தரம். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பவர்கள் "பின்னது" என்று பொருள்படும் ஒரு சொல்லைத்தான் தோளில் சுமக்கிறார்கள்.

கடைசியாக, வீட்டு உத்திரம். ஓட்டு வீட்டில் தூண்களின் தலையில் கிடத்தும் பெரிய மரம். சிற்ப நூல்களில் தூணுக்கு மேலே வரும் உறுப்புக்கு உத்தரம் என்றே பெயர். மேலே கிடப்பதால் உத்தரம். அது நம் தச்சர் வாயில் உத்திரம். ஊர்ப்பெயரில் வரும் உத்திரத்தை வீட்டு உத்திரத்தோடு சேர்த்துக் கதை சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், வேறு வேறு ஊரில் வளர்ந்தவை.

ஆகவே, பெயர் வைத்தவர்கள் "வடக்கே உள்ள மேரு" என்று நினைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "உயர்ந்த மேரு", "மேலான மேரு" என்றும் அது பொருள்படும். காஞ்சிக்குத் தெற்கே இருக்கும் ஊர் என்ற முரண் அதோடு தீர்ந்துவிடுகிறது. என் மனம் இந்தப் பொருளின் பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு வாசிப்பும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குத் தட்சிணமேரு விடங்கர் என்ற பெயர் வருகிறது. தட்சிணமேரு என்றால் தென்மேரு. தெற்கே ஒரு மேரு, வடக்கே ஒரு மேரு. சோழநாட்டில் ஒன்று, தொண்டைநாட்டில் ஒன்று. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் ஆண்டுக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. தஞ்சைக் கோயில் முடிந்தது 1010இல். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் பல்லவமல்லன் எனப்படும் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 750ஐ ஒட்டி உருவான ஊர். அவன் மகன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. இல்லாத தென்மேருவுக்கு எதிர்ச்சொல்லாக இருநூற்றைம்பது ஆண்டு முன்பே வடமேரு என்று பெயர் வைக்க முடியாது. பிந்தி வந்தவன்தான் முந்தி இருந்தவனைப் பார்த்து "நான் தெற்கு" என்று சொல்லியிருக்கக் கூடும். அதுகூட ஊகம்தான், அதற்கு மேல் அதை நான் இழுக்கப் போவதில்லை.

மேருவுக்கு வருவோம். உலகின் நடுவில் நிற்கும் பொன்மலை என்பது எல்லோரும் அறிந்த கதை. அந்தச் சொல் நம்மிடம் சின்னச் சின்னப் பொருள்களாகவும் புழங்குகிறது. செபமாலையில் மற்றவற்றைவிடப் பெரிதாகத் தொங்கும் தலைமணிக்கு மேரு என்று பெயர். எண்ணிக்கொண்டு வரும் விரல் அதைத் தாண்டக் கூடாது, அங்கே தொட்டுத் திரும்ப வேண்டும். ஸ்ரீசக்கரத்தைத் தட்டையாக வரையாமல் அடுக்கடுக்காக எழுப்பினால் அதுவும் மேரு. அடுக்கு விமானத்தையும் மேருவாகப் பார்ப்பது சிற்பிகளின் மரபு. உத்திரமேரூரில் அப்படி ஓர் அடுக்கு இருக்கத்தான் செய்கிறது. சுந்தர வரதராசப் பெருமாள் கோயில் விமானம் மூன்று நிலை கொண்டது. கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். காஞ்சியில் பல்லவமல்லன் எடுத்த வைகுண்டப் பெருமாள் கோயிலும் இப்படி மூன்று நிலை கொண்டதுதான். குறுகலான படியில் குனிந்து ஏறி மேல்நிலைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தால், அந்தச் சமதரையில் இதற்கு மேரு என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் ஊர்ப்பெயர் விமானத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் பெயர் வந்த பிறகு விமானம் அந்தப் பெயருக்கு மெய்யாக நின்றது என்றுதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. செங்கல்பட்டுச் சீமையின் பழைய நிலக் கணக்குகளைப் புரட்டுபவர்கள் "மேரை" என்ற சொல்லை அடிக்கடி பார்ப்பார்கள். களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்கு ஒதுக்கும் பங்கு அது. மேரைக்கும் மேருவுக்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவு எதுவும் கிடையாது. அது மரியாதை என்ற வடசொல்லின் திரிபு. எல்லை, முறை என்று பொருள். சொல்லாராய்ச்சியில் ஒலி ஒற்றுமையைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறில்லை.

அந்த மாதிரி ஒரு கவிழ்ப்பு இந்த ஊர்ப்பெயரிலேயே நடந்திருக்கிறது. பழைய ஆங்கில எழுத்துகளில் இந்த ஊரை "உத்தரமல்லூர்" என்று எழுதியிருக்கிறார்கள். ஊர்ச் சபையின் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்லும், புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் 1898இல் படியெடுத்தார்கள். கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை 1904–05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதி உலகுக்குக் காட்டினார். அந்த நாளைய வரலாற்று நூல்களிலும் உத்தரமல்லூர் என்ற வடிவமே பரவியது. இன்னும் சிலர் உத்தரமேலூர் என்று எழுதினார்கள். மல்லூர் என்றதும் யாருக்கும் ஆசை வரும்: ஊரை உண்டாக்கியவன் பல்லவமல்லன், மாமல்லன் பெயரில் மாமல்லபுரம் இருக்கும்போது பல்லவமல்லன் பெயரில் மல்லூர் இருக்கக் கூடாதா? அழகான வாதம்தான், சுவர் மட்டும் எதிரே இல்லாவிட்டால். சுவரில் மேரு என்றுதான் வெட்டியிருக்கிறது. மேருவை மேலாக்கியதும் மல்லாக்கியதும் பின்னால் வந்த காதும் எழுதுகோலும். கல் கையில் இருக்கும்போது காகிதத்தை நம்பக் கூடாது.

மேரு எப்படி மேரூர் ஆனது என்பதிலும் ஓர் இலக்கண ருசி இருக்கிறது. மேரு என்ற சொல்லின் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம் அல்ல. ருகரம் வல்லினத்தில் சேராது. ஆகவே அது முற்றியலுகரம். அதன் பின்னால் ஊர் வந்தால் இடையில் வகர உடம்படுமெய் தோன்றி "மேருவூர்" என்று ஆக வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் முற்றியலுகரமும் சில இடங்களில் குற்றியலுகரம் போலவே தன் உகரத்தை விட்டுக்கொடுக்கும் என்று நன்னூலார் இடம் வைத்திருக்கிறார். கதவு, அழகு இரண்டும் சேர்ந்து கதவழகு ஆகிறதே, அப்படி. மேருவூர் என்று சொல்லி வாயை வலிக்கவைத்துக்கொள்ள மக்கள் விரும்பவில்லை, மேரூர் என்றார்கள். நடத்துநருக்கு அதுவும் நீளம். அவர் ஊரையே விட்டுவிட்டு மேர் என்கிறார்.

உத்தர என்பது உத்திர ஆனதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உத்திரம் என்ற நட்சத்திரமும் உத்திரம் என்ற மரமும் அன்றாடம் புழங்கும் சொற்கள். வாய் தெரிந்த வழியில் போகிறது. இந்த ஊர் மட்டும் இல்லை. ராமநாதபுரம் பக்கத்து உத்தரகோசமங்கையை மக்கள் உத்திரகோசமங்கை என்றே சொல்கிறார்கள், எழுதவும் எழுதுகிறார்கள். எழுத்துப் படிப்பு உள்ளவர்கள் உத்தராயணத்தையும் உத்தரவையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் எல்லோர் வாயிலும் புழங்குவதால் அதைக் காப்பாற்ற ஆள் இல்லை.

இனி, தேய்ந்துபோன பாதிக்கு வருவோம். சதுர்வேதிமங்கலம்.

நான்கு வேதம் கற்றவர்களுக்கு அரசன் கொடுத்த ஊர் சதுர்வேதிமங்கலம். இந்தப் பின்னொட்டு சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் நூற்றுக்கணக்கான ஊர்களில் இருந்தது. பெரும்பாலும் முன்னால் ஓர் அரசன் பட்டமோ அரசி பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து மதுராந்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; மதுராந்தகச் சதுர்வேதிமங்கலம். மங்கலம் உதிர்ந்தது, அரசன் பட்டம் நின்றது. இன்று அங்கே ஏரி காத்த ராமரைப் பார்க்கப் போகிறவர்கள் பாண்டியரின் மதுரைக்கு அந்தகனான ஒரு சோழன் பெயரைச் சொல்லித்தான் பேருந்துச் சீட்டு வாங்குகிறார்கள். இதற்கு நேர்மாறாக, சிங்கம்புணரிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் சதுர்வேதமங்கலம் என்றே நிற்கிறது. அங்கே முன்னொட்டு போய்ப் பின்னொட்டு பிழைத்தது.

உத்திரமேரூரிலும் அரசர்கள் தங்கள் பெயரை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். சோழர் காலத்தில் இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயர் ஏறியது. பிறகு தெலுங்குச் சோழன் விசய கண்டகோபாலன் காலத்தில் கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. பக்தர்கள் தங்கள் பங்குக்குப் பாண்டவர்களை அழைத்து வந்து, ஐந்து வரதர்கள் கோயில் கொண்ட ஊர் என்று பஞ்சவரத க்ஷேத்திரம் என்றார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. கண்டகோபாலன் என்று அந்த ஊர்க் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், ஏதோ கடைக்காரர் பெயர் என்று நினைத்து வழி காட்டுவார்கள். மக்கள் வாய் முதலில் பழகிய மேருவை விடவில்லை.

இதில் என்னை நெடுநேரம் நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. சோழர் கால வழக்கில் "ஊர்" என்பது வெறும் இடத்தின் பெயர் இல்லை. அது ஓர் அவையின் பெயரும்கூட. வேளாண் மக்கள் வாழ்ந்த கிராமத்தின் அவை ஊர்; பிராமணர்களுக்குக் கொடுத்த கிராமத்தின் அவை சபை. இந்தியாவிலேயே மிகவும் பேசப்பட்ட சபை உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபைதான். இன்று அந்தப் பெயரில் சதுர்வேதியும் இல்லை, மங்கலமும் இல்லை. கடைசியில் வந்து உட்கார்ந்திருப்பது "ஊர்". யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஊர் என்பது எந்தப் பெயரோடும் ஒட்டக்கூடிய பொதுச்சொல். ஆனாலும், சபையில் இடமில்லாமல் வெளியே நின்றவர்களின் அவைப்பெயர் சபையின் ஊருக்கே பெயரானது என்பது நினைக்க நன்றாக இருக்கிறது.

அந்தச் சபையைப் பற்றி எல்லோரும் ஒரே வரியில் பேசுவார்கள்: உலகின் முதல் சனநாயகம். நான் அந்த வரியைச் சொல்ல மாட்டேன். கல்வெட்டு சொல்வது அதைவிடக் குறைவானது, அதைவிடச் சுவையானது. முதல் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919இல், ஒரு முறை விதி வகுத்தார்கள். அது சரிப்படாமல், 14ஆம் ஆண்டில், 921இல், திருத்தினார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். தகுதி என்பது நிலம், வேதப் படிப்பு, வயது. பெண்கள் இல்லை, உழுதவர்கள் இல்லை. இருந்தாலும், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி ஓலை இல்லை, அவன் மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் சிற்றன்னை மகனுக்கும்கூட இல்லை என்று உறவுப் பட்டியல் போட்டு வெட்டியிருக்கிறார்களே, அந்த இடத்தில் யாருக்கும் கை தட்டத் தோன்றும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றிய விவாதத்தின்போது டி. பிரகாசம் இந்தக் கல்வெட்டைத்தான் எடுத்துச் சொன்னார். குடத்தில் ஓலை போடும் முறை இந்தச் சபையோடு பிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். அகநானூற்றின் 77ஆம் பாட்டில் கயிற்றால் கட்டிய குழிசியிலிருந்து ஓலை எடுப்பவர்கள் உவமையாக வருகிறார்கள். உவமைக்கு எடுத்தாளும் அளவுக்கு அது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த காட்சி.

குடியிருப்புக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையின் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அங்கேதான் இருக்கின்றன. குடத்தில் ஓலை போடத் தகுதி கேட்கும்போது, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருந்தால் மட்டும் போதாது, தன் சொந்த மனையில் அகம் எடுத்துக் குடியிருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. மனை வேறு, அகம் வேறு. மனை என்பது இடம். அகம் என்பது அந்த இடத்தில் எழுப்பிய வீடு. "மனை வாங்கியிருக்கிறேன், இன்னும் வீடு கட்டவில்லை" என்று இன்று நாம் சொல்லும் வேறுபாடு 921இலேயே சட்டச்சொல்லாக இருந்திருக்கிறது. மனை இன்றும் ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் உயிரோடு இருக்கிறது. அகம் பொதுப்பேச்சில் வீடு என்ற பொருளை இழந்துவிட்டது. ஆனால் பிராமணர் வீட்டுப் பேச்சில் "ஆத்துக்கு வாங்கோ" என்பதில் அகத்துக்கு என்ற அதே சொல்தான் தேய்ந்து நிற்கிறது. கல்லில் முழுசாக, வாயில் அரைகுறையாக.

அதே கல்வெட்டில் ஊரின் தெருப்பகுதிகளைச் சொல்ல வருகிற சொல் "சேரி". பன்னிரண்டு சேரிகள். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான் பொருள். வேதம் படித்தவர்கள் குடியிருந்த தெருக்களும் சேரிதான். அந்தச் சொல்லை யார் வீட்டுப் பக்கம் தள்ளினோம், எப்போது தள்ளினோம் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். தள்ளினோம் என்பதற்குச் சாட்சி மட்டும் இந்தச் சுவரில் இருக்கிறது.

வாரியத்தின் கதை வேறு மாதிரி. ஊர்ப் பொதுவேலையை மேற்பார்க்கும் பொறுப்புக்கு அந்தக் காலத்தில் வாரியம் என்று பெயர். செய்பவர்கள் வாரியப் பெருமக்கள். அந்தச் சபைகள் போனபின் சொல்லும் வழக்கொழிந்து கல்லோடு கிடந்தது. கல்வெட்டுகள் படிக்கப்பட்டு அச்சில் வந்தபின், போர்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடியவர்கள் சுவரிலிருந்து அதைத் தட்டி எழுப்பிக் கொண்டுவந்தார்கள். 1957இல் உருவான மின்சார வாரியம், 1970இல் வந்த குடிசை மாற்று வாரியம், வீட்டு வசதி வாரியம், குடிநீர் வாரியம் எல்லாம் அப்படி எழுந்து வந்த சொல்லின் குடும்பம். செத்த சொல்லை உயிர்ப்பிக்க முடியாது என்பார்கள். அரசு அலுவலகப் பலகைகளில் அந்தச் சொல்லை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பக்கத்தில் இருந்த குடும்பு என்ற சொல்லுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதன் நாற்காலியில் வார்டு உட்கார்ந்துவிட்டது. பேரூராட்சிக் கவுன்சிலரை "எங்க குடும்புக் கவுன்சிலர்" என்று யாரும் சொல்லப் போவதில்லை.

ஏரி வாரியம் பார்த்துக்கொண்ட ஏரியைப் பார்க்காமல் ஊரை விட்டு வரக் கூடாது. ஊரை ஒட்டிக் கிடக்கிறது. கல்வெட்டில் அதன் பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். ஏரிக்கு எத்தனையோ அரசர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், இவ்வளவு பொருந்திய பெயர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. மேகத்தின் பெயரைத் தாங்கிய ஏரி. அதன் தூர் வாரப் பொன் கொடுத்து, அதை ஏரி வாரியப் பெருமக்கள் கையில் ஒப்படைத்த செய்தியையும் கல்லில் பதித்திருக்கிறார்கள். இன்று அது வெறும் ஏரி. "வயிரமேக தடாகம் எங்கே?" என்று கரையில் மாடு பிடித்து வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க, இது பெரிய ஏரி" என்றார். நாங்கள் அதன் கரை மேலேயே நின்றுகொண்டிருந்தோம். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. கலங்கல் பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது.

மாலையில் அந்த ஊர் அடங்கும் விதம் எனக்குப் பிடிக்கும். கல்வெட்டுக் கோயில் கம்பிக் கதவு சாத்திவிடும். பேருந்து நிலையத்தை ஒட்டி டீக்கடை வெளிச்சம் மட்டும் மிஞ்சும். உள்தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் உத்திரம் ஓடுகிறது.

பெயரைத் திருத்த வேண்டும் என்று சொல்பவர்கள் அவ்வப்போது கிளம்புகிறார்கள். கல்லில் உத்தரமேரு என்று இருக்கும்போது பலகையில் உத்திரமேரூர் என்று எழுதுவது பிழை, மாற்றுங்கள் என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. ராஜேந்திரனும் கண்டகோபாலனும் மாற்றப் பார்த்து முடியாத பெயர் அது. மாற்றியவர்கள் அந்த ஊரில் குடியிருந்தவர்கள், சொல்லிச் சொல்லி மாற்றினார்கள். கல்லில் உள்ளது கல்லில் இருக்கட்டும், பலகையில் உள்ளது பலகையில் இருக்கட்டும்.

நீங்கள் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். பகலில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் அருகே நின்று ஊர்ப்பெயரைத் தேடுங்கள். அந்தக் காலத்தவர் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் அதிகம் இல்லை, வடசொல்லுக்குக் கிரந்த எழுத்தும் கலந்து வரும். ஆகவே படிக்கக் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும். தகரத்தின் தலையில் இகரத்தைக் காட்டும் கோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு இலக்கணத்தில் மேல்விலங்கு என்று பெயர். சுவரில் அது இருக்காது. காஞ்சிபுரம் திரும்பும் பேருந்தின் பலகையில் இருக்கும்.